தயிர்க்கடையில் தொடங்கும் போர்க்கதை

போர்க்கதை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் முதல் வரியிலேயே குண்டு போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வரியில் யாராவது செத்துப்போகிறார். செத்தவர் யார், எந்த ஊர், வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது யார், ஒன்றும் நமக்குத் தெரியாது. முகம் தெரியாதவருக்காக எவ்வளவு நேரம் துக்கப்பட முடியும்? கும்பகோணத்தில் எங்கள் தெரு நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கதை வாசிக்கிறோம். அங்கே இப்படி ஒரு கதை வரும்போதெல்லாம் நான் ஒரு பழைய இந்திக் கதையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். “டீச்சர் மறுபடியும் பஞ்சாபுக்குக் கிளம்பிட்டாங்க” என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து பிராத்மிக்கிலிருந்து பிரவீண் வரை இந்தி சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள் நான். அந்தப் பாடங்களில் எனக்கு இன்னும் அலுக்காதது சந்திரதர் சர்மா குலேரியின் ‘உஸ்னே கஹா தா’. தமிழில் ‘அவள் சொல்லியிருந்தாள்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

1915 ஜூன் மாத ‘சரஸ்வதி’ இதழில் அது வெளிவந்தது. அலகாபாத் இண்டியன் பிரஸ் வெளியிட்ட இதழ், மகாவீர் பிரசாத் துவிவேதி ஆசிரியர். ஐரோப்பாவில் போர் தொடங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது, முடிகிற அறிகுறியே இல்லை. நம் பக்கத்தில் அதே 1915-ல்தான் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ அச்சேறியது. தமிழில் சிறுகதை தன் முதல் அடிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த வருஷத்தில், இந்தியில் ஒருவர் நடந்துகொண்டிருக்கிற போரையே கதையாக்கி, ஐந்து காட்சிகளாக வெட்டி, அவற்றை முன்பின்னாக அடுக்கி வைத்துவிட்டார். எப்படி அடுக்கினார் என்பதுதான் விஷயம்.

கதை அமிர்தசரஸ் கடைத்தெருவில் வண்டிக்காரர்களின் பேச்சோடு தொடங்குகிறது. மற்ற பெரிய நகரங்களில் குதிரைவண்டிக்காரன் திட்டுகிற திட்டில் முதுகுத்தோல் உரிந்துவிடும். இந்த ஊர்க்காரனோ வழிமறித்து நிற்கிற கிழவியைக்கூடத் தேனொழுகப் பேசித்தான் நகர்த்துவான். இப்படிச் சாவகாசமாக ஒரு நீண்ட பத்தி போகிறது. அதற்குப் பிறகுதான் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கடை ஒன்றில் சந்திக்கிறார்கள். பையனுக்குப் பன்னிரண்டு வயது, பெண்ணுக்கு எட்டு. அவன் மாமா தலைக்குத் தேய்த்துக் குளிக்கத் தயிர் வாங்க வந்திருக்கிறான். அவள் சமையலுக்கு வடகம் வாங்க. இரண்டு பேருமே மாமா வீட்டில் தங்கியிருப்பவர்கள். உனக்கு நிச்சயமாகிவிட்டதா என்று அவன் வம்புக்குக் கேட்கிறான். அவள் சீ என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். மறுபடி மறுபடி பார்க்கிறார்கள், அதே கேள்வி, அதே ஓட்டம். ஒரு நாள் ஆமாம் என்கிறாள். நேற்றுத்தான் ஆயிற்று, பட்டுப்பூ வேலை செய்த இந்த முக்காட்டைப் பார்க்கவில்லையா என்கிறாள்.

பையனுக்கு என்ன ஆயிற்று என்று குலேரி சொல்லவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவன் என்னென்ன செய்தான் என்று மட்டும் ஓரிரு வாக்கியங்களில் அடுக்கிவிட்டுப் போகிறார். ஒரு பிள்ளையைச் சாக்கடையில் தள்ளினான். தட்டு வியாபாரி ஒருவனின் அன்றைய வருமானத்தைக் கெடுத்தான். நாய் மேல் கல் எறிந்தான். காலிஃபிளவர் விற்பவனின் வண்டியில் பாலைக் கொட்டினான். குளித்து மடியாக வந்துகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி மேல் மோதி, கண் தெரியவில்லையா என்று வாங்கிக்கட்டிக்கொண்டான். அவ்வளவுதான், முதல் பகுதி முடிந்தது. துயரம், ஏக்கம், காதல் என்று ஒரு சொல் கிடையாது. எங்கள் கூட்டத்தில் ‘அவன் இதயம் நொறுங்கியது’ என்று யாராவது வாசித்தால், “சரி, போற வழியில எதை உடைச்சான்?” என்று நான் கேட்பது இதனால்தான்.

இவ்வளவு கச்சிதமாகக் கதை கட்டத் தெரிந்தவர் தொழில்முறைக் கதைக்காரர் அல்ல. 1883-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். பூர்வீகம் காங்க்ரா மலைப்பகுதியிலுள்ள குலேர். சம்ஸ்கிருதப் பண்டிதர் குடும்பம். இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்தைப் பழுதுபார்த்த ஆங்கிலேயருக்குத் துணையாக நின்று நூல்களைப் படித்துக் கொடுத்தவர். பிறகு அஜ்மீரில் ராஜகுமாரர்கள் படித்த மேயோ கல்லூரியில் ஆசிரியர். மொழியாராய்ச்சி, கட்டுரை, பத்திரிகை என்று கை வைக்காத துறை இல்லை. ஆனால் பரவலாக அறியப்பட்ட கதைகள் மூன்றே மூன்று. 1922-ல் காசியில் இறந்தபோது வயது முப்பத்தொன்பது. பிரான்ஸை அவர் கண்ணால் பார்த்தவரில்லை.

பார்க்காவிட்டால் என்ன, போர் இங்கேயே வந்திருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதற்கு நான்காம் நாள், செப்டம்பர் 26 அன்று, லாகூர் டிவிஷனின் முதல் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அக்டோபர் கடைசியில் பெல்ஜிய எல்லையருகே பதுங்குகுழிகளில் நின்றார்கள். வெயில் நாட்டுக்குத் தைத்த காக்கிப் பருத்தித் துணியோடு போனவர்களுக்குக் கம்பளி ஆடை போதுமான அளவு வந்து சேர்வதற்குள் குளிர் வந்துவிட்டது. அந்தப் பகுதி தாழ்வான களிமண் பூமி. இரண்டு முழம் தோண்டினால் நீர் ஊறும்.

குலேரியின் இரண்டாம் பகுதி அந்தச் சேற்றில் நேராகப் போய் விழுகிறது. ‘இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன’ என்ற அறிவிப்பு இல்லை. அமிர்தசரஸ் எங்கே போயிற்று, அந்தப் பையன் என்ன ஆனான் என்பதற்குப் பதில் இல்லை. முதல் பகுதியில் இருவருக்குமே பெயர் கிடையாது என்பதால், இங்கே பேசிக்கொண்டிருக்கிற ஜமேதார் லெஹ்னா சிங் யாரென்று வாசகருக்குத் தெரிய வழியும் இல்லை. சிப்பாய்கள் புலம்புகிறார்கள். இது என்ன சண்டை, எதிரி கண்ணில் படுவதே இல்லை, கணுக்காலுக்கு மேல் சேறு, லூதியானாவைப்போலப் பத்து மடங்கு குளிர். நகர்கோட் பூகம்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், இங்கே ஒரு நாளில் இருபத்தைந்து பூகம்பம் வருகிறது என்கிறான் ஒருவன். நகர்கோட் என்றால் காங்க்ரா. 1905 ஏப்ரல் 4 அன்று அங்கே வந்த நிலநடுக்கத்தில் இருபதாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். குலேரியின் பூர்வீக மண் அது. தான் கேட்டறியாத பீரங்கிச் சத்தத்தை எழுத, தன் ஊர் பட்ட அடியை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். பார்க்காத போரை எழுதுகிறவருக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் சண்டையே நடப்பதில்லை. நடப்பது ஒரு கம்பளி விவகாரம். சுபேதார் ஹஜாரா சிங்கின் மகன் போதா சிங், இளம்பிள்ளை, காய்ச்சலில் நடுங்குகிறான். லெஹ்னா தன் இரண்டு கம்பளிகளையும் அவனுக்குப் போர்த்திவிட்டுக் கணப்பை ஒட்டி உட்கார்ந்து பொழுதை ஓட்டுகிறான். அவனுடைய காவல் முறையையும் தானே நிற்கிறான். பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையனுக்கு மாட்டுகிறான். உனக்கு என்று பையன் கேட்டால், எனக்கு வேறு இருக்கிறது, சீமையிலிருந்து மேம்சாகிபுகள் பின்னி அனுப்பியது இன்று காலைதான் வந்தது என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறான். அப்படி ஒரு சட்டையே வரவில்லை. இவன் ஏன் இப்படித் தன்னை வதைத்துக்கொள்கிறான்? நல்ல மனசு என்று நினைத்து வாசகர் நகர்ந்துவிடுவார். குலேரிக்கு வேண்டியதும் அதுதான். கேள்வியைப் போட்டிருக்கிறார், ஆனால் கேள்வி மாதிரித் தெரியாதபடி போட்டிருக்கிறார்.

மூன்றாம் பகுதியில் லெப்டினன்ட் துரை வருகிறார். ஒரு மைல் தள்ளி ஜெர்மன்காரர்களின் குழி ஒன்று இருக்கிறது, ஐம்பது பேருக்கு மேல் இல்லை, இங்கே பத்துப் பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்ப் பிடியுங்கள் என்று உத்தரவு. சுபேதார் படையோடு போகிறார். லெஹ்னா போகத் துடிக்கிறான்; காய்ச்சலில் கிடக்கும் மகனைச் சுபேதார் விரலால் சுட்டிக்காட்ட, நின்றுவிடுகிறான். துரை சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு, நீயும் குடி என்று லெஹ்னாவிடம் நீட்டுகிறார். சீக்கியனிடம் சிகரெட்! கணப்பு வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்கிறான் லெஹ்னா. நீளமாக இருந்த துரையின் தலைமயிர் ஒரே நாளில் எப்படிக் கைதியின் கிராப்பாக மாறியது?

உடனே துப்பாக்கியைத் தூக்கவில்லை. பழங்கதை பேசுகிறான். நினைவிருக்கிறதா துரை, ஜகாத்ரியில் வேட்டைக்குப் போனோமே, நீங்கள் கழுதை மேல் ஏறி வந்தீர்களே, வழியில் கோயிலைக் கண்டு உங்கள் சமையல்காரன் அப்துல்லா தீர்த்தம் விட நின்றுவிட்டானே, அந்த நீலகாயின் கொம்பு இரண்டடி இருக்குமா என்று அடுக்குகிறான். துரை எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறார், கொம்பை இன்னும் நாலு அங்குலம் நீட்டியும் விடுகிறார். நீலகாய்க்குக் கொம்பு சாண் நீளம்தான். முஸ்லிம் சமையல்காரன் கோயிலில் தீர்த்தம் விடுவதுமில்லை. வந்திருப்பவன் வேஷம் போட்ட ஜெர்மன்காரன்.

இந்தக் காட்சியில் பொய்க்காட்சி நாடகத்தின் வாசனை அடிக்கத்தான் அடிக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனாலும் மோதலை நாவில் வைத்திருக்கிறார் பாருங்கள், அது பெரிய காரியம். ஒரு கிராமத்தானின் அன்றாட அறிவு, கழுதை, கொம்பு, சிகரெட் இவைதான் இங்கே ஆயுதம். ஒவ்வொரு ‘ஆமாம் துரை’க்கும் வாசகரின் வயிறு இறுகுகிறது.

சரித்திரத்தைப் புரட்டினால் நாடக வாசனையும் கொஞ்சம் குறையும். 1914-லேயே பெர்லினில் கீழைநாட்டு மொழிகள் தெரிந்த பண்டிதர்களை வைத்து ஒரு பிரசார அலுவலகம் திறந்திருந்தார்கள். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கென்று பெர்லின் அருகே வூன்ஸ்டார்ஃபில் தனி முகாம், அவர்கள் படிக்க ‘ஹிந்துஸ்தான்’ என்று பத்திரிகை. உருது பேசும் ஜெர்மன்காரன் குலேரி வானத்திலிருந்து இறக்கிய ஆள் அல்ல. கதையில் லெஹ்னா தன் ஊருக்கு வந்த ஒரு துருக்கி மௌல்வியைப் பற்றியும் சொல்கிறான். ஆலமரத்தடியில் கட்டில் போட்டு ஹுக்கா பிடித்தபடி, ஜெர்மன்காரர்கள் வேதம் படித்து விமானம் கட்டியவர்கள், அவர்கள் வந்தால் பசுவதை நின்றுவிடும், தபாலாபீசில் போட்ட பணத்தை எடுத்துவிடுங்கள் என்று ஊரைக் கலக்கினானாம். லெஹ்னா அவன் தாடியை மழித்து விரட்டினானாம். 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் பெயரால் புனிதப்போர் அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கதர் கட்சியினர் பஞ்சாபில் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு நாள் குறித்து, காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜூனில் இந்தக் கதை. ஊர் முழுக்க வதந்தி சுற்றிக்கொண்டிருந்த காலம் அந்த ஒரு பத்தியில் பிடிபட்டிருக்கிறது.

போலித் துரை குழியின் சுவரில் மூன்று வெடிகுண்டுகளைச் செருகி, கம்பியால் கோத்து, தீக்குச்சியைக் கிழிக்கப்போகும்போது லெஹ்னா அவனை அடித்து வீழ்த்துகிறான். இதுவும் சினிமாத்தனம் என்பார்கள். 1914 டிசம்பர் 20 அன்று ஜிவாஞ்சி கிராமத்தருகே இந்தியச் சிப்பாய்கள் நின்ற குழிகளுக்கு அடியில் ஜெர்மன்காரர்கள் சுரங்கம் தோண்டிப் பத்து வெடிகளை வைத்துத் தகர்த்தார்கள். காலடியில் வெடி இருக்குமோ என்ற பயம் அந்தக் குளிர்காலத்தில் நிஜமான பயம்.

தவறுகளும் இருக்கின்றன. லெஹ்னாவின் கையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியைக் கொடுக்கிறார் குலேரி. விக்டோரியா ராணி காலத்துத் துப்பாக்கி அது. பிரான்ஸுக்குப் போன இந்தியப் படைக்கு மார்செயில் இறங்கியதுமே புதிய லீ-என்ஃபீல்டுகளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ‘77-ஆம் சீக்கிய ரைஃபிள்ஸ்’ என்று ஒரு படைப்பிரிவும் கிடையாது. 15-ஆம் லூதியானா சீக்கியர், 47-ஆம் சீக்கியர் போன்ற பிரிவுகள்தான் பிரான்ஸில் நின்றவை. 77 என்ற எண் நம் தெற்கத்தி எண். 77-ஆம் மாப்பிள்ளா ரைஃபிள்ஸ் என்று மலபாரில் ஆள் சேர்த்த பிரிவு அது, 1907-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. 1915-ல் அந்த எண் காலியாகக் கிடந்தது. கதைக்கு அது நல்லதாகவே போயிற்று. உயிரோடிருக்கும் எந்தப் படைப்பிரிவின் தலையிலும் இந்தச் சாவு விழவில்லை.

நாலாம் பகுதியில்தான் உண்மையான சண்டை. எழுபது ஜெர்மன்காரர்கள் குழிக்குள் பாய்கிறார்கள். எச்சரிக்கை கிடைத்துத் திரும்பிய சுபேதாரின் ஆட்கள் பின்னாலிருந்து தாக்குகிறார்கள். சில வாக்கியங்களில் முடிந்துபோகிறது. நம் பிள்ளைகளாக இருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பார்கள். குலேரி நேரம் எடுத்துக்கொள்வது நிலா உதிப்பதற்கு. தேய்பிறை நிலாவைச் சொல்லும்போது சம்ஸ்கிருதக் கவிகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். குளிர்காற்றைச் சொல்லும்போது பாணபட்டரைக் கூப்பிட்டு, பல்லை வீணையாக மீட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் என்ற பொருளில் அவர் பிரயோகம் ஒன்றை எடுத்து வைக்கிறார். பிணங்களுக்கு நடுவே பண்டிதர் தலைநீட்டுகிறார். என்னுடன் வேலை பார்த்த இந்திப் பண்டிட் ஒருவர் அந்த இடத்தில் உருகுவார். எனக்கு அது துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. சேற்றில் நிற்கிறவனுக்குப் பாணபட்டர் எதற்கு?

ஆனால் அதே பகுதியில் வேறொன்றும் இருக்கிறது. லெஹ்னாவின் தொடையில் போலித் துரை சுட்ட காயம் எல்லாருக்கும் தெரியும். சண்டையில் விலாவில் பாய்ந்த இரண்டாவது குண்டு யாருக்கும் தெரியாது. குழியின் ஈரமண்ணை அள்ளிக் காயத்தில் அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுவிட்டான். ஆம்புலன்ஸ் வண்டிகள் வருகின்றன, ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். சுபேதாருக்குத் தோளில் காயம், லெஹ்னாவை விட்டு ஏற மாட்டேன் என்கிறார். போதாவின் மேல் ஆணை, சுபேதாரணியின் மேல் ஆணை என்று சொல்லி இருவரையும் ஏற்றி அனுப்புகிறான் லெஹ்னா. சுபேதாரணி அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள், அவர் சொன்னபடி செய்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள் என்கிறான். அவள் என்ன சொன்னாள் என்று சுபேதார் கேட்கிறார். பதில் வரவில்லை. வண்டி கிளம்பிவிடுகிறது.

கதையின் தலைப்பு எதைப் பற்றியது என்று வாசகருக்கு முதல்முறையாகத் தட்டுவது இங்கேதான், கடைசிப் பகுதியின் வாசலில். கம்பளி, பொய், காவல், போகாமல் நின்றது எல்லாம் பின்னோக்கி அர்த்தம் கொள்கின்றன.

ஐந்தாம் பகுதியில் சக சிப்பாய் வஜீரா சிங்கின் மடியில் தலை வைத்துக் கிடக்கும் லெஹ்னாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. தயிர்க்கடை, முக்காடு, ஓட்டம். பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டி, நிலத்து வழக்குக்காக விடுப்பில் ஊருக்குப் போனது. போர் வந்துவிட்டது என்று கடிதம் வருகிறது. போகிற வழியில் சுபேதார் வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். சுபேதாரணி உள்ளே கூப்பிடுகிறாள். என்னைத் தெரிகிறதா என்கிறாள். தெரியவில்லை என்கிறான்.

இந்த ஒரு ‘தெரியவில்லை’யை நான் குலேரியின் பெரிய துணிச்சல் என்பேன். காலமெல்லாம் அவளை நினைத்து உருகியவன் இல்லை இவன், அவளை மறந்தே போனவன். அவள்தான் மறக்கவில்லை. நிச்சயதார்த்தக் கேள்வியை நினைவூட்டுகிறாள். கூடவே இன்னொன்றும் சொல்கிறாள்: தயிர்க்கடை முன்னால் ஒரு வண்டிக் குதிரை மிரண்டபோது, நீ அதன் காலடியில் புகுந்து என்னைத் தூக்கிக் கடைப்பலகை மேல் நிறுத்தினாய். இந்தக் குதிரை முதல் பகுதியில் இல்லவே இல்லை. அவ்வளவு சாவகாசமாக அமிர்தசரஸ் வண்டிகளை வர்ணித்தவர், நடந்ததிலேயே பெரிய நிகழ்ச்சியை அங்கே எழுதாமல் விழுங்கிவிட்டு இங்கே கக்குகிறார். அங்கேயே எழுதியிருந்தால் லெஹ்னா முதல் பக்கத்திலேயே வீரனாகியிருப்பான், மீதிக் கதை அவன் வீரத்துக்குச் சாட்சி சொல்லும் வேலையாகப் போயிருக்கும். இங்கே அது அவள் வாயிலிருந்து ஒரு கோரிக்கையின் முன்னுரையாக வருகிறது. அன்று என்னைக் காப்பாற்றினாய், இன்று இவர்கள் இருவரையும் காப்பாற்று என்று முந்தானையை ஏந்துகிறாள்.

அவள் பேச்சில் அன்றைய பஞ்சாபின் பொருளாதாரமே இருக்கிறது. சர்க்கார் பட்டம் கொடுத்தது, லயால்பூரில் நிலம் கொடுத்தது, இப்போது உப்புக்கு நன்றி காட்டும் நேரம் என்கிறாள். லயால்பூர் இன்றைய பைசலாபாத். செனாப் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, தரிசாகக் கிடந்த பூமியில் குடியேற்றங்கள் அமைத்து, பட்டாளத்தில் உழைத்தவர்களுக்கும் அங்கே நிலம் வழங்கியது சர்க்கார். பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவது அந்த மண்ணில் குடும்பத் தொழில் மாதிரி. சொல்லிக்கொண்டே வந்தவள், பெண்களுக்கென்று ஒரு பாவாடைப் பட்டாளம் அமைத்திருந்தால் நானும் கூடப் போயிருப்பேனே என்கிறாள். ஒரே மூச்சில் நன்றியும் வருகிறது, குத்தலும் வருகிறது. அவளுக்குத் தங்கியது அந்த ஒரு மகன்தான், அவனுக்குப் பின் பிறந்த நாலும் தங்கவில்லை.

கடைசியில் லெஹ்னா ஊரில் தான் நட்ட மாமரத்தைப் பற்றிப் பிதற்றுகிறான். பிறகு ஒரு செய்தித்தாள் குறிப்பு: பிரான்ஸ்–பெல்ஜியம், 68-ஆம் பட்டியல், காயங்களால் இறந்தவர், ஜமேதார் லெஹ்னா சிங். முடிந்தது. அன்று இழப்புப் பட்டியல்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. ஒரு வரி, ஓர் எண், ஒரு பெயர். அப்படிப்பட்ட ஒரு வரியை எடுத்து, அதற்கு முன்னால் இருக்க வேண்டியதையெல்லாம் எழுதியதுதான் இந்தக் கதை என்று எனக்குத் தோன்றும். 1927-ல் பிரான்ஸின் நவ் ஷாபெலில் திறக்கப்பட்ட நினைவிடத்தில் கல்லறையற்ற இந்தியர் 4,700 பேருக்கு மேல் இதே மாதிரி ஒற்றை வரிகளாக வெட்டப்பட்டிருக்கிறார்கள்.

குலேரியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பிரான்ஸிலிருந்து சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, மொழிபெயர்த்துப் பகுதிகளை எடுத்து வைத்தார்கள். அவை பின்னாளில் நூலாகவும் வந்தன. அதில் கருமிளகு, செம்மிளகு என்று சங்கேதம் வைத்து எழுதுகிறார்கள். கருமிளகு இந்தியர், செம்மிளகு வெள்ளையர், எது எவ்வளவு செலவாகிறது என்பது கணக்கு. தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்காதே என்று கெஞ்சுகிறார்கள். காயம் ஆறியதும் மறுபடி அதே குழிக்கு அனுப்புகிறார்களே என்று வெந்து எழுதுகிறார்கள். இந்தக் குரல் ‘உஸ்னே கஹா தா’வில் இல்லை. குலேரியின் சிப்பாய்கள் குளிரையும் சேற்றையும் வைது தீர்ப்பார்கள், ராஜாவை வைய மாட்டார்கள். தோட்டக்கார வெள்ளைக்காரி பழமும் பாலும் காசில்லாமல் கொடுத்து, எங்கள் நாட்டைக் காக்க வந்த ராஜாக்கள் என்கிறாள். 1915-ல் எந்தத் தணிக்கை அதிகாரியும் கத்தரிக்கோலை எடுத்திருக்க மாட்டார். ஆனால் லெஹ்னா சாவது ராஜாவுக்காகவும் இல்லை, பிரான்ஸுக்காகவும் இல்லை. ஒரு பெண் கேட்டதற்காகச் சாகிறான். சர்க்காரின் போருக்குள் சர்க்காருக்குத் தெரியாத ஒரு ஒப்பந்தம் நிறைவேறுகிறது.

இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்ட கதை ஒன்றையும் சேர்த்துத்தான் வாசிக்கச் சொல்வேன். 1948 காஷ்மீர்ச் சண்டையை வைத்து சாதத் ஹசன் மண்ட்டோ உருதுவில் எழுதிய ‘டேட்வால் நாய்’. இரண்டு குன்றுகள், இரண்டு நாட்டுக் காவல்முனைகள், நடுவே பள்ளத்தாக்கு. எந்தப் பக்கத்துக்கும் அசையாத சண்டை. ஒரு தெருநாய் இங்கே வந்தால் கழுத்தில் இந்திய நாய் என்று அட்டை கட்டுகிறார்கள், அங்கே போனால் பாகிஸ்தான் நாய் என்று கட்டுகிறார்கள். கடைசியில் விளையாட்டுக்குச் சுடத் தொடங்கி இரண்டு பக்கமும் சுடுகிறது, நாய் நடுவில் ஓடி ஓடிச் சாகிறது. முன்கதை கிடையாது, ரகசியம் கிடையாது, வாக்குறுதி கிடையாது. குலேரி காலத்தை முன்பின்னாக வெட்டினார். மண்ட்டோ காலத்தைத் தொடவே இல்லை. இடத்தை இரண்டாகப் பிளந்து, அந்தப் பிளவில் ஒரு வாயில்லாப் பிராணியை ஓடவிட்டார். எந்தப் போருக்கு எந்தக் கட்டுமானம் என்பதை எழுதுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போன கூட்டத்தில் குலேரியை வைத்துப் பெரிய சண்டை. புதிதாக வந்திருக்கும் ஒரு பெண், பேறுகால விடுப்பில் இருப்பவள், கைக்குழந்தையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். “டீச்சர், அந்தச் சுபேதாரணி செய்தது நியாயமா?” என்றாள். “அவளுக்குப் புருஷனும் பிள்ளையும் வேணும், சரி. இவனுக்கும் ஊர்ல ஒரு குடும்பம் இருக்கில்ல? மாமரம் நட்டிருக்கான். அந்த வீட்டுப் பொம்பளை பேரே கதையில இல்லையே. அவ யார்கிட்ட போய் முந்தானை ஏந்துவா?”

பழைய வாத்தியார் ஒருவர், அது தியாகம்மா, என்று தொடங்கினார். “தியாகம் அவனோடது சார். கேட்டவளுக்கு என்ன பேர்?” என்றாள். பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சுபேதாரணி கேட்டது அண்டை வீட்டில் தீக்குச்சி கேட்பது போலச் சகஜம்தான் என்றார் ஒருவர். அவள் மகனைப் பெற்றவள், உலகத்தில் எவனையும் பணயம் வைப்பாள் என்றார் இன்னொருவர். அந்தப் பெண் விடவில்லை. லெஹ்னாவின் மனைவி செய்தித்தாள் பட்டியலைப் படிக்கிற இடத்திலிருந்து அடுத்த மாதம் ஒரு கதை எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முதல் வரியில் குண்டு போடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.